சேர். பொன்னம்பலம் இராமநாதன்: சட்டநிரூபண சபையில் ஒலித்த குரல்



க.பொ.த. (சாதாரண தர) வரலாறு பாடத்தில் அரசியற் சீர்திருத்தங்கள் பற்றிய அலகைப் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் பெயர் சேர். பொன்னம்பலம் இராமநாதன். இவரைப் பற்றி எழுதும்படி கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் இரண்டு பாடசாலைகளின் பெயரையும் ஒரு கோயிலின் பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அவை சரியான விடயங்களே. ஆயினும் அவர் தேசிய அளவில் அறியப்பட்டது சபையில் ஆற்றிய உரைகளினால். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அச்சபையில் பேசினார். அந்தப் பேச்சுக்கள் சில சமூகங்களைக் காத்தன. சிலரது மனதைப் புண்படுத்தவும் செய்தன. இரண்டையும் அறிந்தால்தான் அவரைப் பற்றி நிறைவான விடை எழுத முடியும்.

முதலில் ஒரு திருத்தம். இராமநாதன் பாராளுமன்றத்திற் பேசினார் என்று எழுதுவது தவறு. இலங்கையில் பாராளுமன்றம் 1947ஆம் ஆண்டிலேயே அமைந்தது. அவர் இருந்தது சட்டநிரூபண சபையில். 1833 முதல் 1931 வரை இயங்கியது அது. பின்னர் அரசாங்க சபை 1931 முதல் 1947 வரை இயங்கியது. இந்த மூன்று பெயர்களையும் ஒழுங்காக மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

1. சபையும் அதன் தன்மையும்

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின்படி 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் 15 அங்கத்தவர்கள் இருந்தனர். அவர்களில் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர். மிகுதி 6 பேர் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர். அந்த ஆறு ஆசனங்களில் மூன்று ஐரோப்பியருக்கும், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்றும் ஒதுக்கப்பட்டன. அவர்களை மக்கள் தெரிவு செய்யவில்லை, தேசாதிபதியே நியமித்தார். சபைக்குத் தலைமை தாங்கியவரும் தேசாதிபதியே.

இதன் பொருள் என்ன என்று நமது மாவட்டத்தை வைத்துச் சிந்தித்துப் பாருங்கள். பருத்தித்துறை தொடக்கம் மட்டக்களப்பு வரையும், இந்தப் பக்கம் தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, முருங்கன், சிலாவத்துறை வரையும் வாழ்ந்த தமிழ் பேசும் மக்கள் அனைவருக்கும் சபையில் இருந்தது ஒரே ஓர் ஆசனம். மன்னார்க் கரையோர முத்துப் பார்களை 1906இல் அரசாங்கம் லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அப்போது அதைக் கேள்வி கேட்க இக்கரையோர மக்கள் தாமே தெரிவு செய்த பிரதிநிதி ஒருவர்கூடச் சபையில் இருக்கவில்லை.

அந்த ஆறு பேரும் ஒன்றுசேர்ந்து வாக்களித்தாலும் ஒன்பது உத்தியோகத்தரை வெல்ல முடியாது. அப்படியானால் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவரின் கையில் இருந்த கருவி எது? பேச்சு ஒன்றுதான். சபையிற் பேசப்பட்டவை ஹன்சாட் எனப்படும் நடவடிக்கைப் பதிவில் அச்சாகும். பத்திரிகைகள் அவற்றை வெளியிடும். லண்டனில் உள்ள குடியேற்ற நாட்டுக் காரியாலயம் வரை அச்செய்தி போகும். வாக்கெடுப்பில் தோற்றாலும் பதிவில் வெல்லலாம் என்பதை இராமநாதன் நன்கு அறிந்திருந்தார். அவருடைய அரசியல் வாழ்வை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கருத்து போதும்.

2. பிறப்பும் கல்வியும்

இராமநாதன் 1851 ஏப்பிரல் 16ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பொன்னம்பலம் முதலியார். தாயாரின் தந்தை ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார் சட்டநிரூபண சபையின் ஆரம்ப காலத்தில் தமிழ் அங்கத்தவராக இருந்தவர். தாய்மாமன் சேர். முத்துக்குமாரசுவாமியும் அதே ஆசனத்தை வகித்தவர். எனவே சபையின் நடைமுறைகள் சிறு வயதிலேயே அவருக்குப் பழக்கமான விடயங்களாக இருந்தன.

அவருடைய சகோதரர்களில் இளையவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். 1919இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவர் இவர். பரீட்சையில் மாணவர்கள் அதிகமாக மாற்றி எழுதும் இடம் இதுவே. காங்கிரசின் முதல் தலைவர் தம்பி அருணாசலம். படித்த இலங்கையர் ஆசனத்தை வென்றவர் அண்ணன் இராமநாதன். மறக்க வேண்டாம்.

இராமநாதன் கொழும்பு அக்கடமியிலும் (இன்றைய றோயல் கல்லூரி) பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் கற்று 1873இல் அத்துவக்காத்தானார். உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டு நீதித்துறையிலும் பெயர் பெற்றார். சான்றுகளை வரிசைப்படுத்துவது, திகதிகளைச் சரியாக வைப்பது, எதிர்வாதத்தை முன்கூட்டியே எடுத்து மறுப்பது என்ற வழக்கறிஞரின் பழக்கங்கள் பிற்காலத்தில் அவரது சபை உரைகளிலும் படிந்திருந்தன.

3. முதற் கட்டம்: 1879 – 1892

1879இல் முத்துக்குமாரசுவாமி காலமானார். அவரது இடத்திற்குத் தேசாதிபதி இராமநாதனை நியமித்தார். அப்போது அவருக்கு வயது 28.

இக்காலத்தில் அவர் செய்த பணிகளுள் பரீட்சைக்கு முக்கியமானது வெசாக் விடுமுறை. பிரித்தானியர் ஆட்சியில் பௌத்தர்களின் புனித நாளுக்கு அரச விடுமுறை இருக்கவில்லை. 1883இல் கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் ஒன்று நிகழ்ந்த பின்னர் பௌத்தர்களின் குறைகள் அதிகமாகப் பேசப்பட்டன. கேணல் ஒல்கொட் அவற்றை லண்டன் வரை கொண்டு சென்றார். சைவராகிய இராமநாதனும் வெசாக் விடுமுறைக்காகக் குரல் கொடுத்தார். 1885இல் வெசாக் தினம் அரச விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. தமிழ் ஆசனத்தில் இருந்தவர் தம் சமூகத்துக்காக மட்டும் பேசவில்லை என்பதற்கு இது முதற் சான்று.

இதே கட்டத்திலேதான் இன்றுவரை விவாதிக்கப்படும் இன்னொரு நிலைப்பாட்டையும் அவர் எடுத்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்றும், இஸ்லாம் மதத்தைத் தழுவியதால் மட்டுமே வேறுபட்டவர்கள் என்றும் 1885இற் சபையில் கூறினார். 1888இல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இதனை ஆய்வுக் கட்டுரையாகவும் வாசித்தார். சோனகருக்கெனத் தனி ஆசனம் வழங்குவது பற்றிப் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனவே அவரது கருத்தை வெறும் ஆராய்ச்சியாக முஸ்லிம்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தமது தனித்துவத்தையும் பிரதிநிதித்துவத்தையும் மறுப்பதாகவே கருதினர். 1889இற் சபை விரிவாக்கப்பட்டபோது முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் ஒவ்வோர் ஆசனம் வழங்கப்பட்டது. ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907இல் இராமநாதனின் கட்டுரைக்கு மறுப்பாக ஒரு நூலை வெளியிட்டார். பேச்சு நிகழ்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் மறுப்பு வந்தது என்பதைக் கவனியுங்கள். அச்சில் ஏறிய சொல் அத்தனை காலம் நின்றிருந்தது.

1892இல் இராமநாதன் சொலிசிட்டர் ஜெனரலாக நியமனம் பெற்றார். 1906 வரை அப்பதவியில் இருந்தார். மக்கள் பிரதிநிதி என்ற வகையில் அவரது குரல் இக்காலத்தில் ஓய்ந்திருந்தது. சமயத் துறையில் எழுதினார். பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு, யோவான் ஆகியோரின் நற்செய்திகளுக்கு அவர் வழங்கிய விளக்கங்கள் முறையே 1898, 1902ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் நூல்களாயின. 1905 – 1906 காலத்தில் அமெரிக்காவிற் பல இடங்களில் சமயச் சொற்பொழிவு ஆற்றினார். கொழும்பில் தந்தையார் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற் கோயிலாகத் திருப்பணி செய்தவரும் இவரே.

4. இரண்டாம் கட்டம்: 1911 தேர்தல்

குறூ – மக்கலம் சீர்திருத்தத்தின்படி சபையின் அங்கத்தவர் தொகை 21 ஆயிற்று. 11 பேர் உத்தியோகத்தர். 10 பேர் உத்தியோகப்பற்றற்றோர். இந்தப் பத்துப் பேரில் நால்வர் தேர்தல் மூலம் தெரிவு செய்யப்பட்டனர். ஐரோப்பியருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று, படித்த இலங்கையருக்கு ஒன்று என அவை பங்கிடப்பட்டன. இலங்கையர் ஒருவர் இன வேறுபாடின்றி வாக்களித்துத் தெரிவு செய்யக்கூடிய முதல் ஆசனம் இந்தப் படித்த இலங்கையர் ஆசனமே.

1911 டிசெம்பரில் இத்தேர்தல் நடைபெற்றது. நாடு முழுவதிலும் ஏறக்குறைய 3000 பேருக்கே வாக்குரிமை இருந்தது. இராமநாதனை எதிர்த்து நின்றவர் டொக்டர் மார்கஸ் பெர்னாண்டோ. 60 வயதில், ஓய்வு பெற்ற நிலையில் இருந்த இராமநாதன் வெற்றி பெற்றார். வாக்காளரிற் பெருந்தொகையினர் சிங்களவராயிருந்தும் தமிழர் ஒருவர் வென்றார். கரவா சமூகத்தைச் சேர்ந்த மார்கஸ் பெர்னாண்டோவை விரும்பாத கொவிகம சாதியினர் இராமநாதனுக்கு வாக்களித்ததும் இவ்வெற்றிக்கு ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். விடை எழுதும்போது இதனை இன ஒற்றுமையின் வெற்றி என்று மட்டும் எழுதாமல், சாதிக் காரணியையும் ஒரு வரியிற் குறிப்பிட்டால் விடை முழுமை பெறும்.

5. 1915: மிகப் பெரிய சோதனை

இராமநாதனின் சபை வாழ்வில் முதன்மையான நிகழ்வு 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டியது. இதனைப் படிமுறையாக நோக்குவோம்.

பின்னணி: கம்பளையில் பெரஹர ஊர்வலம் பள்ளிவாசல் அருகே மேளதாளத்துடன் செல்வது பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1914இல் மாவட்ட நீதிமன்றம் பௌத்தர் பக்கம் தீர்ப்பளித்தது. 1915இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

கலவரம்: 1915 மே மாத இறுதியில் வெசாக் காலத்திற் கண்டியில் மோதல் தொடங்கியது. விரைவில் கொழும்புக்கும் வேறு மாகாணங்களுக்கும் பரவியது. தாக்குதலுக்கு உள்ளானோர் முஸ்லிம்கள். 4000இற்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டதாகவும் 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டதாகவும் அரச கணக்குகள் கூறுகின்றன. உயிரிழப்புகளும் ஏற்பட்டன.

அரசின் நடவடிக்கை: 1915 யூன் 2ஆந் திகதி தேசாதிபதி சேர். றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். சில நாட்களிற் கலவரம் அடங்கியபோதிலும் ஓகஸ்ட் 30 வரை இராணுவச் சட்டம் நீடித்தது. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். சிவில் நீதிமன்றங்கள் இருக்கத்தக்கதாக இராணுவ நீதிமன்றங்கள் பொதுமக்களை விசாரித்தன. இளம் வர்த்தகரான ஹென்றி பேதிரிஸ் யூலை 7ஆந் திகதி மரண தண்டனைக்கு உள்ளானார். மதுவிலக்கு இயக்கத் தலைவர்களான எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக முதலியோர் சிறையில் அடைக்கப்பட்டனர். பாதிக்கப்பட்ட கடைகளுக்கான இழப்பீட்டுப் பணம் குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றிச் சிங்கள மக்களிடமிருந்து அறவிடப்பட்டது.

அப்போது முதலாம் உலக மகா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரசை விமரிசிப்பவர் துரோகி எனக் கருதப்படக்கூடிய நேரம். தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு. இந்நிலையிற் சபையில் எழுந்து பேசியவர் 64 வயதான இராமநாதன். எதிரே தலைமை ஆசனத்தில் இருந்தவரோ இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்த அதே தேசாதிபதி. வாக்குகளால் வெல்ல முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அவரது உரைகளின் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) கலவரம் அரசுக்கு எதிரான கிளர்ச்சியன்று. சமூகங்களுக்கிடையே எழுந்த பிணக்கு.
(ஆ) அமைதி திரும்பிய பின் இராணுவச் சட்டத்தை நீடிக்க நியாயம் இல்லை.
(இ) சிவில் நீதிமன்றங்கள் இருக்கும்போது பொதுமக்களை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிப்பது தவறு.
(ஈ) ஒரு சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு சமூகம் முழுவதையும் தண்டிக்க முடியாது.
(உ) நடந்தவை பற்றிப் பக்கச்சார்பற்ற விசாரணை வேண்டும்.

அவர் பேச்சோடு நிற்கவில்லை. யுத்தக் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஆபத்து நிறைந்த கடல் வழியே இங்கிலாந்து சென்று அங்குள்ள அதிகாரிகளிடம் முறையிட்டார். இ.டபிள்யூ. பெரேராவும் இதே நோக்குடன் அங்கு பாடுபட்டார். கலவரமும் இராணுவச் சட்டமும் பற்றி இராமநாதன் எழுதிய ஆங்கில நூல் 1916இல் லண்டனில் வெளியாயிற்று. சாமர்ஸ் 1915 இறுதியில் இலங்கையை விட்டு அகன்றார். அடுத்து வந்த தேசாதிபதி சேர். ஜோன் அண்டர்சன் காலத்தில், சட்டத்துக்குப் புறம்பாக நடந்த சில துப்பாக்கிச் சூடுகள் பற்றி விசாரிக்கப்பட்டது. இராமநாதன் நாடு திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியிற் பூட்டியிருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர் எனக் கூறப்படுகிறது.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் மாணவர் அறிதல் வேண்டும். கலவரத்திற் கடையையும் வீட்டையும் உறவினரையும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். இராமநாதனின் உரைகள் ஆட்சியாளர் சிங்களவருக்கு இழைத்த கொடுமையிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தின. தமது துன்பத்துக்கு அவற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை என முஸ்லிம்கள் மனம் நொந்தனர். 1888ஆம் ஆண்டுக் கட்டுரையால் ஏற்கெனவே ஏற்பட்டிருந்த மனத்தாங்கல் இதனால் மேலும் வளர்ந்தது. இராணுவச் சட்டத்தின் அநீதியை எதிர்த்தது சரி. கலவரத்திற் பாதிக்கப்பட்டவரின் குரலையும் அதே அளவு உரத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் சரி. இந்த இரண்டு வசனங்களும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம் எனப் பலரும் ஒரே வாங்கில் இருந்து படிக்கும் நமது மன்னார் மாவட்ட வகுப்புகளில் இதனைத் தயக்கமின்றிப் பேசிப் படிக்கலாம்; படிக்க வேண்டும்.

6. கல்விப் பணி

சபைக்கு வெளியே இராமநாதன் ஆற்றிய பணிகளில் கல்விப் பணி தலையாயது. சைவப் பெண் பிள்ளைகளுக்காக 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். ஆண் பிள்ளைகளுக்காக 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அதுவே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். மன்னாரிலிருந்து அங்கு படிக்கச் செல்லும் மாணவர் பலர், தாம் நடக்கும் நிலம் இராமநாதனின் கல்லூரி நிலம் என்பதை அறியாதிருக்கக்கூடும்.

7. இறுதிக் கட்டம்: 1921 – 1930

1921இல் இராமநாதனுக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1924ஆம் ஆண்டு மனிங் – டெவன்சயர் சீர்திருத்தத்தின்படி சபையின் தொகை 49 ஆகவும், அதில் உத்தியோகப்பற்றற்றோர் தொகை 37 ஆகவும் உயர்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் வட மாகாணத் தொகுதி ஒன்றிலிருந்து இராமநாதன் தெரிவு செய்யப்பட்டார். வயது 73. ஒரு காலத்தில் நாடு முழுவதற்குமான ஆசனத்தை வென்றவர் இப்போது வடக்கின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1921இல் அருணாசலம் தேசிய காங்கிரசை விட்டு விலகியதும், சிங்கள – தமிழ்த் தலைவர்கள் பிரிந்ததும் இம்மாற்றத்தின் பின்னணியாகும்.

1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதுவரை சனத்தொகையில் ஏறக்குறைய 4 சதவீதத்தினருக்கே வாக்குரிமை இருந்தது. ஆணைக்குழு 1928இல் வெளியிட்ட அறிக்கையில் பரந்த வாக்குரிமையைச் சிபாரிசு செய்ததோடு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழிக்கவும் கூறியது. இராமநாதன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவரது எதிர்ப்பில் இரண்டு கூறுகள் உண்டு.

முதலாவது, இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கினால் தொகையிற் குறைந்த சமூகங்கள் பெரும்பான்மையின் விருப்பத்துக்கு உட்பட்டுவிடும் என்ற அச்சம். பிற்கால வரலாற்றை அறிந்த நாம் இவ்வச்சத்தை வெறுங் கற்பனை எனத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, கல்வியும் சொத்தும் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுப்பது ஆபத்து என்ற கருத்து. இதனை வரலாறு ஏற்கவில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டியவர் அப்பெண்கள் வாக்களிப்பதை விரும்பவில்லை என்ற முரண்பாடு அவரது வாழ்வில் எஞ்சி நிற்கிறது.

1929 டிசெம்பரில் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. 19 வாக்குகள் ஆதரவாகவும் 17 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டன. இரண்டே வாக்குகளால் டொனமூர்த் திட்டம் ஏற்கப்பட்டது. இராமநாதன் தோற்ற பக்கத்தில் இருந்தார். மனம் தளராமல் 1930இல் முறையீடு ஒன்றுடன் மீண்டும் இங்கிலாந்து சென்றார். பலன் கிட்டவில்லை. நாடு திரும்பி, 1930 நவம்பர் 26ஆந் திகதி தமது 79ஆவது வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டு 1931இல், 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், பெண்கள் வாக்களித்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது. பூரண சுயாட்சி வழங்கப்படவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் வேண்டுகோளுக்கிணங்க யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொகுதிகள் நான்கும் தேர்தலைப் பகிஷ்கரித்தன. இப்பகிஷ்கரிப்பின் காரணம் வேறு. இராமநாதனின் எதிர்ப்பின் காரணம் வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம். அப்போது வட மாகாணத்திலிருந்து அரசாங்க சபைக்கு உறுப்பினரை அனுப்பிய ஒரே தொகுதி மன்னார் – முல்லைத்தீவு. முத்துப் பார் குத்தகைக்குப் போனபோது கேள்வி கேட்க ஆளில்லாத கரை, கால் நூற்றாண்டுக்குப் பின் தன் பிரதிநிதியைத் தானே தெரிவு செய்யும் நிலைக்கு வந்தது. அந்த உரிமை இராமநாதன் எதிர்த்த திட்டத்தால் வந்தது. அந்தப் பிரதிநிதி எழுந்து பேசுவதற்குரிய துணிவை இலங்கையருக்குக் காட்டியவர்களிலோ இராமநாதன் முன்வரிசையிலுள்ளார்.

8. மதிப்பீடு

இராமநாதனை முழுமையாகப் புகழ்வதும் முழுமையாக இகழ்வதும் இலகு. பரீட்சை வினாவும் வரலாறும் அதைக் கேட்பதில்லை. சபைப் பதிவைக் கொண்டு அவரை அளந்தால் நான்கு விடயங்கள் தெரிகின்றன.

முதலாவது, பெரும்பான்மை இல்லாத இடத்திலும் சான்றுடன் பேசினால் பயன் உண்டு என்று காட்டினார். இரண்டாவது, தம் சமூகத்தவர் அல்லாதோருக்காகவும் ஆபத்தை ஏற்றார். மூன்றாவது, இன்னொரு சமூகம் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறதோ அதனைக் கேளாமல் அச்சமூகத்துக்குத் தாமே பெயர் சூட்ட முற்பட்டது அவரது குறை. நான்காவது, படித்தவரின் ஆட்சியில் வைத்த நம்பிக்கையைப் படியாத மக்களிடம் வைக்கவில்லை.

அவர் 1879 முதல் ஆற்றிய உரைகளில் ஒரு பகுதி 1929இல் நூலாக வெளிவந்தது. சபை நடவடிக்கைப் பதிவுகளும் உள்ளன. மேடையிற் பேசியது காற்றோடு போகலாம். சபையிற் பேசியது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் விசாரணைக்கு வரும். இன்று நம்மைப் பிரதிநிதித்துவப்படுத்துவோர் எத்தனை நாள் சபைக்குச் சென்றனர், எதைப் பற்றிப் பேசினர், எவருக்காகப் பேசவில்லை என்பதை வாக்காளர் பதிவைப் பார்த்து அறியலாம். பதினெட்டு வயதில் உங்களுக்கும் வாக்குரிமை கிடைக்கும். அப்போது இந்தப் பாடம் பரீட்சைக்கு அப்பாலும் பயன்படும்.

காலவரிசை

1851 – பிறப்பு
1873 – அத்துவக்காத்தாதல்
1879 – சட்டநிரூபண சபையின் தமிழ் அங்கத்தவராக நியமனம்
1885 – வெசாக் தினம் அரச விடுமுறையாதல்
1888 – சோனகர் பற்றிய கட்டுரை
1892 – 1906 – சொலிசிட்டர் ஜெனரல்
1911 – படித்த இலங்கையர் ஆசனத்தில் வெற்றி
1913 – இராமநாதன் கல்லூரி
1915 – இராணுவச் சட்டத்துக்கு எதிரான உரைகள்
1921 – சேர் பட்டம், பரமேஸ்வராக் கல்லூரி
1924 – வட மாகாணத்திலிருந்து தெரிவு
1929 – டொனமூர்த் திட்டம் 19இற்கு 17 வாக்குகளால் ஏற்கப்படல்
1930 – மறைவு

விடை எழுதும்போது கவனிக்க

1. சபையின் பெயரைச் சரியாக எழுதுக: சட்டநிரூபண சபை.
2. அருணாசலத்தையும் இராமநாதனையும் மாற்றி எழுதாதீர்.
3. 1915 பற்றிய வினாவில் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் வெவ்வேறாக விளக்குக. முதலாவதிற் பாதிக்கப்பட்டோர் முஸ்லிம்கள். இரண்டாவதிற் பாதிக்கப்பட்டோர் சிங்களவர்.
4. மதிப்பிடுக என்ற வினாவுக்கு நிறை, குறை இரண்டும் எழுதுக. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளியே கிடைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. (அ) 1833ஆம் ஆண்டுச் சட்டநிரூபண சபையின் அமைப்பைக் குறிப்பிடுக.
(ஆ) அச்சபையில் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவருக்குப் பேச்சே முதன்மையான கருவியாக இருந்தமைக்குரிய காரணங்கள் இரண்டு தருக.
2. (அ) 1911ஆம் ஆண்டுத் தேர்தலின் சிறப்பு யாது?
(ஆ) அத்தேர்தலில் இராமநாதன் வெற்றி பெற உதவிய காரணிகளை விளக்குக.
3. 1915ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்துக்கு எதிராக இராமநாதன் எடுத்துரைத்த கருத்துகள் நான்கினை எழுதுக. அவ்வுரைகள் பற்றி முஸ்லிம்கள் கொண்டிருந்த மனக்குறையையும் சுருக்கமாக விளக்குக.
4. டொனமூர்ச் சிபாரிசுகளை இராமநாதன் எதிர்த்தமைக்கான காரணங்களில் உமக்கு ஏற்புடையது எது, ஏற்புடையதல்லாதது எது? காரணங் காட்டி மதிப்பிடுக.